நெய் என்றால் வேண்டாம்

என் மகள் இனியாவுக்கு வந்த நோயின் பெயர் கில்லான் பாரே. முதலில் கேட்டபோது ஏதோ தொலைதூர ஊரின் பெயர் போல இருந்தது. இப்போது தெரிந்தவர்கள் யாராவது போன் செய்து, "டீச்சர், எங்க சொந்தக்காரப் பையனுக்கும் அதேதான்னு சொல்றாங்க" என்று அழுதால், நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: படுத்திருப்பவருக்குக் காது கேட்கும். கை கால் அசையாது, பேச்சு வராது, இமை கூட முழுதாக மூடாது. ஆனால் நீங்கள் பேசுவதெல்லாம் கேட்கும். அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழாதீர்கள். எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள். என்னால் அழாமல் பேச முடியவில்லை. அதனால் பாட்டுப் போட்டேன்.

அந்தப் பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நார்வே நாட்டுப் பாட்டு.

நான் தாம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. என் கணவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேல் மாடியில் வீடு. இனியா எங்களுக்கு ஒரே பெண். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. அவள் வேலை செய்துகொடுக்கும் கம்பெனி நார்வேயில் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அந்த ஊர்க்காரர்கள் லைனில் வரும்வரை அவள் காத்திருப்பாள். அப்போது காதில் ஓர் இசை ஓடும். நம் ஊரில் கேஸ் புக் செய்யும்போது காத்திருக்கச் சொல்லிப் போடுவார்களே, அதுபோல. மற்றவர்கள் எரிச்சல்படுவார்கள். இவள் அதில் மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, இத கேளேன்" என்று ஒருநாள் இயர்போனின் ஒரு காதை எனக்குக் கொடுத்தாள். வயலின் மாதிரி இருந்தது, ஆனால் ஒற்றை வயலின் இல்லை. பின்னால் வேறு யாரோ மெல்ல முனகுவது போல ஒரு ரீங்காரம்.

"எத்தன பேரு வாசிக்கிறாங்க?"

"ஒருத்தர்தான். மேல வாசிக்கிற கம்பிக்கு அடியில இன்னொரு வரிசை கம்பி இருக்கும்மா. அத யாரும் தொடவே மாட்டாங்க. மேல வாசிச்சா கீழ அதுவா அதிரும்."

பிறகு பாட்டுகள் வந்தன. பாட்டிலிருந்து மொழி வந்தது. சிறுசேரி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கேட்டே கற்றுக்கொண்டாள். புத்தகம் கிடையாது. பாட்டின் வரிகளை எழுத்தில் பார்க்கக் கூடாது என்பது அவள் தனக்கே வைத்துக்கொண்ட சட்டம்.

"எழுத்தப் பாத்தா நாக்கு கெட்டுடும்மா. எஸ் ஓ எல்னு எழுதிட்டு சூல்னு சொல்வாங்க. சூல்னா சூரியன்."

"எழுத்து தெரியாம என்னடி மொழி?" என்றேன். பிழைப்பே எழுத்தாக இருப்பவள் வேறென்ன சொல்வாள்?

"நீ மட்டும் தமிழ எழுத்துலயா கத்துக்கிட்ட?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர்தான் பேச்சை மாற்றினார். "அது சரி, அந்தாளு பாட்டுல டா போட்டுக் கூப்பிடுறானே, யார?"

இனியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'கொம் டா' என்றால் 'வாயேன்' என்று அர்த்தமாம். 'யா டா' என்றால் 'ஆமாங்கறேன்ல'. "நம்ம ஊரு மாதிரியே பேச்சுக்குப் பேச்சு டா போடுவாங்கப்பா. ஆனா மரியாதைக் குறைவு இல்ல." இவருக்கு அன்றிலிருந்து நார்வே பிடித்துவிட்டது.

நோய் இப்படித்தான் ஆரம்பித்தது. இனியாவுக்கு வயிற்றுப்போக்கு வந்து, மாத்திரையில் சரியாகி, நாங்கள் அதை மறந்தும் விட்டோம். கொஞ்ச நாள் கழித்துப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது என்றாள். செருப்பை மாற்று என்றேன். அடுத்த நாள் தாம்பரம் ஸ்டேஷனில் நடைமேம்பாலம் ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிட்டாள். கால் மேலே வரவில்லை. பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள். கைப்பிடியைப் பிடித்தபடி எனக்குப் போன் செய்தாள். குரலில் பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "அம்மா, என் கால் என் பேச்ச கேக்கல."

தாம்பரத்தில் சேர்த்த ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டர் ஒரு பெண்மணி. சுத்தியல் போன்ற ஒன்றால் முழங்காலில் தட்டினார். உதறி எழ வேண்டிய கால் சும்மா தொங்கியது. நரம்பில் சிறிய மின்சாரம் செலுத்தி அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத்து நீரை எடுத்துச் சோதித்தார்கள். பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னார். உடம்பு கிருமியோடு சண்டை போடத் தன் ஆட்களை அனுப்புகிறது. சண்டை முடிந்த பிறகும் அந்த ஆட்கள் அடங்காமல், நரம்புக்கு மேல் இருக்கும் உறையைக் கிருமி என்று நினைத்து உரிக்கத் தொடங்கிவிட்டார்கள். மூளை உத்தரவு போடுகிறது. உத்தரவு வழியிலேயே கசிந்து போகிறது.

நான் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். இவர் உடனே கேட்டார்: "ஒயர் மேல இருக்கிற ஸ்லீவ் போயிடுச்சு. உள்ள காப்பர் நல்லாருக்கா மேடம்?"

டாக்டர் அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "அதேதான் சார். காப்பர் நல்லாருக்குன்னுதான் நம்புறோம். ஸ்லீவ் மறுபடி வளரும். ஆனா மெதுவா. அதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் மோசமாகும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன். சொன்னது நல்லது என்று பிறகு தெரிந்தது. பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருளைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அடங்காத அந்த ஆட்களை அது அடக்கும். அந்தப் பாட்டிலின் விலையை இவர் என்னிடம் சொல்லவே இல்லை. பில் வந்தால் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீ போய் காபி குடிச்சிட்டு வா" என்பார். இன்ஷூரன்ஸ் இருந்தது, கடையும் இருந்தது. அதற்கு மேல் இன்றுவரை நான் கேட்கவில்லை.

நோய் பாதத்திலிருந்து முழங்காலுக்கு, இடுப்புக்கு, கைக்கு என்று ஏறியது. நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நிற்கும். நெஞ்சுக்கு வருகிறதா என்று தெரிந்துகொள்ள டாக்டர் வைத்த சோதனை மிக எளிமையானது. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று தினமும் பார்ப்பார்.

இனியா நார்வே மொழியில் எண்ணினாள். டாக்டருக்கு வேடிக்கை காட்டவா, தனக்கே தைரியம் சொல்லவா, தெரியாது. அந்த மொழியில் ஒன்று என்பது 'ஏன்'. "ஏன், டூ, த்ரே, ஃபீரெ, ஃபெம்" என்று அவள் ஓட்டியபோது சிஸ்டர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நாள் ஐந்தோடு நின்றாள். அதற்கடுத்த நாள் காலையில் "ஏன்" என்றாள். மூச்சை இழுத்தாள். மறுபடி "ஏன்" என்றாள். அதற்குமேல் வரவில்லை.

அவள் ஒன்று என்றுதான் சொன்னாள். என் காதில் அது தமிழாகவே விழுந்தது. இப்போது எழுதும்போதும் கை நிற்கிறது.

அன்றே மூச்சுக்குழாயில் குழாய் வைத்து இயந்திரத்தில் போட்டார்கள். அது நீடிக்கும் என்று தெரிந்ததும் வாய்க் குழாயை எடுத்துவிட்டுத் தொண்டையின் முன்புறம் சிறு துளை போட்டு அதன் வழியே வைத்தார்கள். முகமும் தளர்ந்துபோயிருந்தது. கேள்வி கேட்டால், ஆமாம் என்பதற்குக் கண்ணை மேலே தூக்குவாள், இல்லை என்பதற்குப் பக்கவாட்டில் ஓட்டுவாள். அவளிடம் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

நான் பார்க்கப் போனால் என்ன பேசுவது? 'சரியாகிவிடும்' என்று எத்தனை முறை சொல்வது? ஐசியுவில் கலா என்று ஒரு சிஸ்டர். நாகர்கோவில் பக்கத்துப் பெண். அவரிடம், "இவ எப்பவும் பாட்டு கேட்டுட்டே இருப்பா சிஸ்டர்" என்றேன். "அப்ப போடுங்க, யாரு வேண்டாம்ன்னா?" என்றார். இனியாவின் போனைத் திறக்கக் குறி எண் எங்களுக்குத் தெரியாது. சிஸ்டர் அவள் ஆள்காட்டி விரலைத் தூக்கி போனில் வைத்தார். உயிரில்லாதது போல் இருந்த விரலுக்குப் போன் உடனே திறந்துகொண்டது. யாருடைய விரல் என்று அதற்குச் சந்தேகம் இல்லை.

அதில் நீளமான ஒரு பாட்டு வரிசை இருந்தது. காதில் மாட்டிவிட்டோம். அந்த வரிசையை அவள் எப்போதோ எனக்கும் அனுப்பியிருந்தாள். நான் திறந்தே பார்த்ததில்லை. இப்போது சிஸ்டர் உள்ளே பாட்டை ஆரம்பிக்கும் நேரத்தில் நானும் வெளியே காத்திருக்கும் கூடத்தில் அதே வரிசையை ஆரம்பிப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்கு என்ன கேட்கிறதோ அதுவே இந்தப் பக்கம் எனக்கும் கேட்கும். அந்த நாட்களில் நான் அவளோடு சேர்ந்து செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

முதலில் எல்லாமே இரைச்சல். பிறகு, வகுப்பில் புதுப் பிள்ளைகளின் முகங்கள் பழகுவது போல, சில சொற்கள் பழக்கமாயின. ஒரு தாலாட்டில் 'மோனெ, மோனெ' என்று திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு அது மோனையாகவே கேட்டது. எதுகை மோனை நடத்தி நடத்தித் தேய்ந்த காது வேறெதைக் கேட்கும்? அந்தப் பாட்டோடு வந்த படத்தில் ஒரு தொட்டிலும் அதற்கு மேல் பிறையும் இருந்தன. மோனெ என்றால் நிலா. வரிசையின் நடுவே ஓர் அம்மாள் மெதுவாகப் பேசும் பாடங்களும் இருந்தன. அவர் கேள்வி கேட்பார். ஒரு குழந்தை 'யா' என்றால் மேற்கொண்டு போவார். 'நெய்' என்றால் நிறுத்தி வேறு விதமாகக் கேட்பார். யா என்றால் ஆமாம், நெய் என்றால் இல்லை என்று நானே கண்டுபிடித்தேன். நம் நெய்யை வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து சொன்னால் அவர்களுடைய நெய். எழுத்தை ஒருமுறை கூடப் பார்க்கவில்லை. அவளுடைய சட்டத்தை நான் காப்பாற்றினேன்.

காத்திருக்கும் கூடத்தில் ஊரப்பாக்கத்து அஞ்சலை அக்கா எனக்குப் பக்கத்து நாற்காலி. அவர் புருஷனுக்கு நெஞ்சுவலி. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒருநாள் தோளைத் தட்டினார்.

"இன்னா டீச்சர், ஜெபமா? ஒரு வாரமா பாக்கறேன், காதுல மாட்டிகினு அழுதுகினு கீற."

ஒரு காதைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு பெண் உச்சக் குரலில் நீட்டி நீட்டிக் கூவும் பாட்டு அது. அஞ்சலை அக்கா முகத்தைச் சுளித்தார், பிறகு கண்ணை அகலமாக விரித்தார்.

"இது இன்னா, மாட்ட கூப்புட்ற மாதிரி கீது?"

"தெரியலக்கா. பாட்டு."

"பாட்டு இல்ல டீச்சர், மாடுதான். எங்க வூட்ல ஏழெட்டு மாடு இருந்துச்சு. ஏரிக்கு அந்தாண்ட மேயும். சாயங்காலம் எங்க மாமியார் இப்டிதான் கத்தும். ஆனா இவ்ளோ நல்லா கத்தாது."

பிறகு விசாரித்ததில் அது உண்மையிலேயே மலைமேல் மேயும் மாடுகளைக் கூப்பிடும் பாட்டுதான். 'கொம் டா, கொம் டா' என்று முடிகிறது. வாடா, வாடா. அன்று சாயங்காலம் இதை இவரிடம் சொன்னேன். "கூப்பிடட்டும். வரட்டும்" என்றார்.

அடுத்து வந்ததுதான் நெய் விவகாரம்.

மூச்சு கொஞ்சம் தேறியதும், தொண்டைக் குழாயில் ஒரு சிறு வால்வைப் பொருத்திப் பார்க்கலாம் என்றார்கள். சாதாரணமாகக் காற்று துளை வழியாகவே உள்ளே போய் வெளியே வந்துவிடும், குரல்நாணைத் தொடாது. வால்வைப் பொருத்தினால் வெளியேறும் காற்று மேலே ஏறி, குரல் வரும். ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள்தான். எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். சிஸ்டர் கலா வால்வை வைத்தார். இனியா இருமினாள். கண்ணில் நீர் வந்தது. நான் ஒரு சொல்லுக்காக மட்டும் காத்திருந்தேன். எந்தச் சொல் என்று எந்தத் தாய்க்கும் சொல்ல வேண்டியதில்லை.

"கஷ்டமா இருக்கா? எடுத்துடட்டா?" என்றார் சிஸ்டர்.

கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் வந்தது. "நெய்."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "என்னம்மா?" என்றார் இவர்.

"நெய்… நெய்டா."

"நெய் கேக்குதா!" என்றார் சிஸ்டர். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். வீட்டில் நெய் காய்ச்சுவது இவர்தான். பாலாடை சேர்த்து, வெண்ணெய் எடுத்து, இறக்கும்போது முருங்கைக்கீரை போட்டு. அந்த வாசனைக்கு இனியா எங்கிருந்தாலும் அடுப்படிக்கு ஓடிவருவாள். "பாத்தியா, நம்ம நெய்ய மறக்கல" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது என்பதையும் மறைக்கவில்லை. வாய் திறந்ததும் நெய்யா கேட்பாள்?

நார்வேக்காரர்களின் இல்லை அப்போது என் நினைவுக்கே வரவில்லை. கூடத்தில் நாள் முழுக்கக் கேட்ட சொல்தான். ஆனால் இவர் அழுததைப் பார்த்தபோது எனக்கும் அது நெய்யாகத்தான் கேட்டது.

மறுநாள் எவர்சில்வர் டப்பாவில் நெய் வந்தது. வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது, மூக்கு வழியாகப் போகும் குழாயில்தான் சாப்பாடு. இவர் விடவில்லை. உணவு நிபுணரைப் பார்த்து, கெஞ்சி, குழாயில் போகும் கஞ்சியில் ஒரு ஸ்பூன் நெய் சேர்க்க அனுமதி வாங்கினார். இனியா அதைப் பார்த்துக்கொண்டே "நெய், நெய்" என்றாள். சாயங்காலம் இன்னொரு ஸ்பூன் சேர்ந்தது. அவள் எவ்வளவுக்கெவ்வளவு மறுத்தாளோ அவ்வளவுக்கவ்வளவு நெய் போனது.

கண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது பக்கவாட்டில் ஓடியிருக்கும். குரல் வந்த நிமிடத்திலிருந்து நாங்கள் எல்லாரும் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு விஷயம் வேடிக்கையாக இல்லை. எது கேட்டாலும் அவள் நெய் என்றாள். வலிக்கிறதா? நெய். எந்த ஊரில் இருக்கிறோம் தெரியுமா? வாயைத் திறந்தாள், ஏதோ காற்று மட்டும் வந்தது, கடைசியில் நெய் என்றாள். இதயத் துடிப்பு ஏறியது. ஐசியுவின் இளம் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐசியுல ரொம்ப நாள் இருந்தா சிலருக்கு மனசு குழம்பிடும்மா. பகல் ராத்திரி தெரியாது, சம்பந்தம் இல்லாம பேசுவாங்க. அப்படித்தான் தோணுது. வால்வ கொஞ்ச நாள் நிறுத்திடலாம். அமைதிக்கு மருந்து போட்டா தூங்குவாங்க. மெஷின்லேந்து எடுக்குற முயற்சியையும் தள்ளிப்போடறோம்."

காப்பர் நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னார்கள்? இப்போது காப்பரையே சந்தேகப்படுகிறார்கள். இவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே நின்றார். நான் கூடத்துக்கு வந்து நாற்காலியில் விழுந்தேன். வேறு எதுவும் தெரியாததால் காதில் மாட்டிக்கொண்டேன். மெதுவாகப் பேசும் அந்த அம்மாள் ஏதோ கேட்டார். குழந்தை பதில் சொன்னது.

"நெய் டா."

எழுந்த வேகத்தில் போன் கீழே விழுந்தது. "யக்கா, இத பாத்துக்க" என்று அஞ்சலை அக்காவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். ஓடும்போதே எட்டாம் வகுப்புப் பாடம் ஒன்று என் தலைக்குள் தானாக நடந்துகொண்டிருந்தது. எழுத்துகளின் பிறப்பு. வருஷா வருஷம் கரும்பலகையில் வாயின் படம் போட்டு நடத்துவேன். வ பிறக்கக் கீழுதடு மேற்பல்லைத் தொட வேண்டும். ம பிறக்க இரண்டு உதடும் மூட வேண்டும். ஓகாரத்துக்கு உதடு குவிய வேண்டும். இனியாவின் உதடு மூடாது, குவியாது. அவளால் 'வேணாம்' சொல்ல முடியாது. 'ஆமாம்' முடியாது. 'நோ' கூட முடியாது. 'இல்ல'வுக்கு நாக்கின் ஓரமும் தடித்து மேலே ஒற்ற வேண்டும், தளர்ந்த நாக்கால் அது ஆகாது. 'தாம்பரம்' எப்படி வரும்? ஆனால் நெய்? நுனி நாக்கு பல்லடியைத் தொட்டால் ந. வாயைத் திறந்தால் எ. நாக்கின் அடி கொஞ்சம் எழுந்தால் ய். உதட்டுக்கு அதில் வேலையே இல்லை.

இன்னொன்றும் புரிந்தது. அம்மா என்று அவள் ஏன் கூப்பிடவில்லை என்பது.

"டாக்டர், ஒரே ஒரு தடவ வால்வ வெச்சுப் பாருங்க. அவ குழம்பல. வேணாம்ன்னு சொல்றா."

"எந்த பாஷைலம்மா?"

"நார்வே பாஷை."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், மருந்து இப்போது எனக்குத்தான் தேவை என்று நினைத்தது தெரிந்தது. நல்லவேளை சிஸ்டர் கலா வால்வோடு வந்துவிட்டார். "ஒரு நிமிசம் தானே டாக்டர்."

நான் கட்டிலருகே குனிந்தேன். "இனியா. நெய் வேணுமா?"

"நெய்." கண் பக்கவாட்டில் ஓடியது. இப்போது எல்லாரும் கண்ணையும் பார்த்தோம்.

"வால்வ எடுத்துடட்டுமா?"

"நெய் டா!"

"வால்வு இருக்கட்டுமா?"

"யா." கண் மேலே போனது. "யா. யா டா."

"நாம இப்ப பெங்களூர்லயா இருக்கோம்?"

"நெய்."

"வீடு ராஜகீழ்ப்பாக்கம்தானே?"

"யா."

டாக்டர் இப்போது தானே குனிந்து, "மூச்சு விட கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார். "நெய்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "நீங்க நார்வேஜியன் பேசுவீங்களாம்மா?"

"பேச மாட்டேன் டாக்டர். கேப்பேன்."

கதவருகே இவர் டப்பாவோடு நின்றிருந்தார். முகம் விழுந்திருந்தது. "அப்ப இத்தன நாள் நான் ஊத்துன நெய்யெல்லாம்?" என்றார். சிஸ்டர் கலா, "உடம்புல நல்லா புடிச்சிருக்கு சார், கவலப்படாதீங்க" என்றார். இனியாவின் கண்ணோரம் நீர் வழிந்தது. அது சிரிப்பு என்பதற்கு முகத்தில் எந்த அடையாளமும் இல்லை. ஆனால் தோள் குலுங்கியது. பல நாட்களுக்குப் பிறகு அவள் தோள் அசைந்ததை அன்றுதான் பார்த்தோம்.

அதன் பிறகு எல்லாம் மெதுவாக, ஆனால் ஒரே திசையில் போனது. மருந்து போடவில்லை. முயற்சியைத் தள்ளிப்போடவும் இல்லை. இயந்திரத்தை முதலில் சிறிது நேரம், பிறகு அரை நாள், பிறகு முழுதாக நிறுத்தினார்கள். அஞ்சலை அக்கா தன் புருஷனை வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாளில் எனக்கு முறுக்குப் பொட்டலம் கொடுத்து, "உன் மாட்டுப் பாட்டு இல்லாம எனக்கு வூட்ல தூக்கம் வராது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். இனியாவை வார்டுக்கு மாற்றினார்கள். தொண்டைத் துளையை மூடினார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். கண்ணாடி முன்னால் உதட்டை மூட, குவிக்க, ஊதக் கற்றுக்கொடுத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை மூடித் திறப்பேன். "டீச்சர், பயிற்சி அவங்களுக்கு" என்று அந்தப் பெண் சிரிப்பார்.

உதடு மெல்ல மெல்ல நெருங்கியது. மூடத்தான் முடியவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவசரமில்லை என்று தினமும் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அப்போது வாயால் குழைந்த சாதம் சாப்பிடத் தொடங்கியிருந்தாள். கதவு திறந்தது, அதே எவர்சில்வர் டப்பாவோடு இவர் வந்தார். இனியா அதைப் பார்த்தாள். மூச்சை ஆழமாக இழுத்தாள். உதடு இரண்டும் ஒன்றையொன்று தேடி, ஒருகணம் பொருந்தின.

"அம்மா."

சீப்பு என் கையிலிருந்து நழுவியது. "என்னம்மா" என்றேன். ஐசியுவில் நான் எவ்வளவு அழுதேனோ அதைவிட அதிகமாக அங்கே அழுதேன். இவர் டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டு வந்து என் முதுகைத் தட்டினார். இனியா மட்டும் ஏதோ சொல்ல முயன்றுகொண்டே இருந்தாள். மறுபடி "அம்மா" என்றாள். பார்வை என்மேல் இல்லை. அவர்மேல் இருந்தது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ப பிறப்பதும் ம பிறப்பதும் அதே இரண்டு உதட்டில்தான். வித்தியாசம் பின்னாலிருக்கிறது. வல்லினத்துக்கு நெஞ்சில் பலம் வேண்டும், மெல்லினத்துக்கு மூக்கு போதும். நெஞ்சில் இன்னும் பலம் வராதவள் அப்பா என்று கூப்பிட்டால் அது அம்மா என்றுதான் வெளியே வரும். அவள் கூப்பிட்டது அவரை. அதுவும் நெய் வேண்டாம் என்று சொல்ல.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். அவள் படியில் ஒருகணம் நின்றால் எனக்கு இன்னும் உயிர் போய் உயிர் வருகிறது. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறோம். யாரும் தொடாத அந்தக் கம்பிகளின் ரீங்காரம் எனக்கு இப்போது தனியாகக் கேட்கிறது. என் உச்சரிப்பைக் கேலி செய்கிறாள். இவர் சாதத்தில் நெய் ஊற்றும்போது ஒவ்வொரு முறையும், "இது நம்ம நெய்யா, அவங்க நெய்யா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுகிறார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் அவள் சொல்கிறாள்: "நான் அன்னைக்கு அப்பாவத்தான் கூப்டேன். இவங்களா என்னம்மான்னு சொல்லி அழ ஆரம்பிச்சிட்டாங்க." எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். இத்தனை வருஷமாகப் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி வருகிறேன். இந்த ஒன்றை மட்டும் திருத்துவதாக இல்லை.